காளியின் முகத்தில் பட்ட காற்று

அருமனைப் பக்கத்துக் கோயிலில் அன்று மதியம் மூன்றே பேர் இருந்தோம். தரையில் வண்ணப்பொடிகளால் பத்ரகாளியின் உருவத்தைக் களமாக எழுதிக்கொண்டிருந்த சுகுமாரன், பொடி சலித்துக் கொடுத்த அவர் மனைவி, வேடிக்கை பார்க்க வந்த நான். கமிட்டிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் களத்தின் முன் காளிக்கான பாட்டு தொடங்க வேண்டும். சுகுமாரனுக்கு வியர்த்துக் கொட்டியது. உதவுவதாக நினைத்து மின்விசிறியைப் போட்டேன். காளியின் முகம் பறந்துபோனது.

"மக்கா, காலேஜுல இதத்தான் படிச்சியா?" என்று அவர் மனைவி கத்தினார்.

"விடு, அம்மைக்கும் வேர்த்திருக்கும்" என்று சிரித்தார் சுகுமாரன்.

விரலிடுக்கில் பொடியை உதிர்த்து மறுபடி எழுதினார். ஒரு புருவத்தை மட்டும் மூன்று முறை திருத்தினார். பாட்டு முடிந்ததும் வழக்கப்படி அவரே அழித்துவிடப்போகிற புருவம் அது. நான் எந்த வேலையையும் அப்படிச் செய்ததில்லை.

விளக்கேற்றும்போது காளி விழித்திருந்தாள். என் தவறுக்கு சுகுமாரன் வாங்கிக்கொண்டது மஞ்சள்பொடிக்கான நாற்பது ரூபாய் மட்டும்.