'அளக்குறாங்க' என்று நான் சொன்னது

மூன்றாவது நடையன்று காலையில் ராசாத்தி மண்வெட்டியோடு பாதையை மறித்து நின்றாள். என் பின்னால் இருபது பேர் நின்றார்கள். அதற்குக் காரணம் நான்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

1. வேலை

கன்னிவாடிப் பக்கம் சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்தை ஒட்டி ஓவியர் நந்தினி ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பார். வழியில் உட்கார்ந்து படம் வரைவார்கள். மண்ணைத் தாளில் தேய்த்து நிறம் எடுப்பார்கள். மலை எங்கே ஆரம்பிக்கிறது என்று தனக்குத் தோன்றுகிற இடத்தில் ஒவ்வொருவரும் ஒரு சிவப்பு நூல் கட்ட வேண்டும். கடைசியில் அத்தனை நூலையும் அந்த மண் நிறங்களையும் வைத்து எல்லாரும் சேர்ந்து பெரிய மேப் ஒன்று வரைவார்கள்.

என் வேலை முன்னால் போவது. முள் எங்கே, தண்ணீர் எங்கே, எந்த வரப்பில் நடக்கலாம் என்று காட்டுவது. ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. முன்னால் நடக்கிறவள் பேச வேண்டியதில்லை என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

2. சொன்னது

இரண்டாவது நடை முடிந்த மறுநாள் குழாயடியில் கேட்டார்கள்.

"நூலக் கட்டிக்கிட்டு என்னதான் பண்றாங்க அவங்க?"

எனக்கு விளக்கத் தெரியவில்லை. குடமும் நிறைந்துவிட்டது. "அளக்குறாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ராசாத்தியின் வெங்காயத் தோட்டம் மலையை ஒட்டி இருக்கிறது. மாமனார் காலத்திலிருந்து பாடுபடுகிற நிலம். பட்டா இல்லை. அளக்கிறார்கள் என்றால் நிலம் போகப்போகிறது என்றுதான் அவளுக்கு அர்த்தம்.

3. நின்றது

"ஏன் மதினி, ஆள் வச்சு அளக்க எந்தோட்டந்தான் கிடைச்சுச்சா ஒனக்கு?" என்று ராசாத்தி என்னைக் கேட்டாள்.

நந்தினி முன்னால் வந்தார். "நாங்க சர்வே இல்லம்மா, ஆர்ட்டிஸ்ட். எல்லைன்னா என்னன்னு நடந்து பாக்குறோம், அவ்வளவுதான்."

எல்லை என்ற சொல்லைக் கேட்டதும் ராசாத்தி மண்வெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"தப்பு எம்மேல, ராசாத்தி. என்ன சொல்றதுன்னு தெரியாம அளக்குறாங்கன்னுட்டேன். இவங்க கையில டேப்பு இருக்கா, செயின் இருக்கா? போன தடவ கட்டுன நூலப் பாரு. ஒண்ணு ஒங்கிணத்துகிட்ட, ஒண்ணு புளியமரத்துல, ஒண்ணு அந்தா பாறையில. எதாச்சும் ஒரே நேர்ல இருக்கா?"

அவள் திரும்பி ஒவ்வொரு நூலாகப் பார்த்தாள்.

"இம்புட்டுப் படிச்சவங்களுக்கு மலை எங்க இருக்குன்னு தெரியலயா?"

"அதத்தான் தேடுறாங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"தேடட்டும். எந்தோட்டத்துல ஒரு நூலு இருக்கக் கூடாது. நாளைக்கு எவனாச்சும் வந்து இதுதான் எல்லைன்னா நான் யார்கிட்டப் போவேன்?"

அது நியாயம். நந்தினியும் ஒத்துக்கொண்டார். அங்கே இருந்த நூல்களை நானே அவிழ்த்து ராசாத்தி கையில் கொடுத்தேன். அவள் வழி விட்டாள்.

இப்போது நடைக்கு முந்தின நாளே ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய்விடுவேன். கூச்சமாகத்தான் இருக்கும். என்ன செய்வார்கள், என்ன செய்ய மாட்டார்கள் என்று முழுசாகச் சொல்லி, நூல் கட்டலாமா என்று கேட்டுக்கொண்டு வருவேன். ஒரே சொல்லில் முடித்துவிட்டு நகர்வது நமக்குச் சுலபம். நிலத்துக்காரருக்கு அப்படி இல்லை.

அந்த மேப்பை ஊரில் விரித்து வைத்தபோது, ராசாத்தி தோட்டம் இருக்கும் இடம் நிறமில்லாமல் வெள்ளையாக இருந்தது.

"இது விட்டுப்போச்சாம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

"விட்டுப்போகல. விட்டுட்டோம்" என்றேன்.