முடிச்சூர் கம்பத்து வீடும் சுழல்வீரனின் கடைசிப் பகுதியும்

இந்த வலைப்பூவில் மலை, அருவி, மலிவான லாட்ஜ் என்றுதான் வழக்கமாக எழுதுவேன். இந்த முறை சைதாப்பேட்டையிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் மட்டுமே தள்ளிப் போய்வந்த ஒரு பயணம். போனது எண்பத்தொன்பதாம் வருடம், ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பழைய காமிக்ஸும் பழைய டிவித் தொடர்களும் தேடி வீடு வீடாக அலைகிற நண்பர்கள் சிலர், முன்பின் தெரியாத ரசிகர் வீட்டுக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. மற்ற நேரமெல்லாம் சுழல்வீரன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பம்பரம் மாதிரி சுழன்று எதிரியைத் தூக்கி எறிகிற வெளிநாட்டு முகமூடி வீரன் அவன். தமிழில் பாக்கெட் சைஸ் காமிக்ஸாக மாதம் ஒன்று வரும். புத்தகத்தில் இமயமலை மாதிரி இருப்பான். டிவித் தொடரில் பார்த்தால் முழங்கையில் உடை சுருங்கும், கட்டடம் அட்டை என்று தெரியும், விழுகிற பாறை ஒரு தரம் குதித்து எழும். இருந்தாலும் அந்தத் தொடர் என்றால் உயிர். நம்மூர் டிவியில் அது வரவில்லை. இலங்கை டிவியில்தான் சனிக்கிழமை ஆறரைக்கு வந்தது.

மெட்ராஸில் இலங்கை டிவி எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஐம்பது அடிக் கம்பம் நட்டு, பெரிய ஆன்டெனா கட்டி, சிக்னலைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்டர் வைத்து, தெற்கே திருப்பி வைக்க வேண்டும். அதன் பிறகும் காற்று அசையாமல் நிற்கிற நாளில்தான் படம் தெளிவாக வரும். முடிச்சூரில் மோகன் என்று ஒருவன் அப்படிக் கம்பம் நட்டிருந்தான். காமிக்ஸின் வாசகர் கடிதப் பகுதியில் முகவரி பார்த்து எழுதி, இரண்டு வருடம் தபாலில் புத்தகம் மாற்றிக்கொண்டோம். நேரில் பார்த்ததில்லை. "தொடர் ஆரம்பித்துவிட்டது. மொத்தம் இருபத்தாறு பகுதி. கடைசிப் பகுதிக்கு நீ என் வீட்டுக்கு வந்துவிடு" என்று அக்டோபரில் எழுதினான். நவம்பரிலிருந்து கடிதமே இல்லை.

மார்ச்சில் கொஞ்சம் கோபமாகவே ஒரு கார்டு போட்டேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. "சனிக்கிழமை சாயங்காலம் வரவும். கடைசிப் பகுதி" என்று தேதியோடு இரண்டே வரி. கையெழுத்து உருண்டையாக, வேறு மாதிரி இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சைதாப்பேட்டையில் 4.20க்கு மின்சார ரயில். தாம்பரம் வரை பதினேழு கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய். 4.55க்கு மேற்குப் பக்கம் இறங்கினேன். முடிச்சூர் பஸ் அப்போதுதான் போயிருந்தது, அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து என்றார்கள். ஆட்டோக்காரர் இருபது கேட்டார், பதினைந்துக்குப் பேசி ஏறினேன். கம்பத்து வீடு என்று சொன்னதும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ போலீஸா சார்?"

இல்லை, அந்த வீட்டுப் பையனின் சிநேகிதன் என்றேன்.

"அப்டியா. சனிக்கெழம ஆனா அந்தம்மா வூட்டு முன்னால ஒர்த்தரையும் நிக்க வுடாது. ஆளு நின்னா படம் ஆடுதாம். சைக்கிள்காரன்கூட அந்தாண்ட சுத்திகினு போறான்."

ஐந்தாவது கிலோமீட்டரில் தார் ரோடு முடிந்ததும் வண்டி போகாது என்று இறக்கிவிட்டார். அங்கிருந்து அரை கிலோமீட்டர் நடை. நெல் வயலாக இருந்த இடத்தை மனையாக்கி, வெள்ளையடித்த கல் நட்டு எண் எழுதியிருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று என்று கல்தான் இருந்தது, வீடு எதுவும் எழும்பவில்லை. இலை அசையவில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கம்பம் மட்டும் தூரத்திலேயே தெரிந்தது. எவ்வளவு நடந்தும் கிட்டே வராததுபோல இருந்ததால் நான் எண்களைப் பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் தட்டுவதற்குள் திறந்தது. ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும், மோகனின் அம்மா. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் என்று மோகன் எழுதியிருந்தான். உள்ளே கறுப்பு வெள்ளை டிவி, அதற்கு எதிரில் மூன்று நாற்காலி. முதல் நாற்காலியில் உட்காரப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது மோகனுது. நீ இங்க உக்காருப்பா."

மோகன் எங்கே என்று கேட்டேன். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, புது பூஸ்டர் வாங்கிக்கொண்டு ஆறரைக்குள் வந்துவிடுகிறேன் என்று தாம்பரம் போனானாம். ஐந்து மாதம் ஆகிவிட்டது. போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. இதைக் காய்கறி விலை சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு டிவி மேலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, "ஆனா இங்க பாக்கறேன்பா அவன" என்று நீட்டினார்.

கார்டில் இருந்த அதே உருண்டைக் கையெழுத்து. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் இரண்டு மூன்று வரி. "பஸ் எரிந்தது. மோகன் இடது பக்கமாக ஓடினான். காலில் செருப்பு இல்லை." "இன்று படம் வரவில்லை. வெறும் பூச்சிதான் பறந்தது." "கடைத்தெருவில் நின்றான். இளைத்துவிட்டான்." சுழல்வீரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ராட்சசன் வந்து கட்டடம் சாயும்போது தெருவில் அலறிக்கொண்டு ஓடுவார்களே ஒரு கூட்டம், அதில் ஒருவனைத்தான் அவர் எழுதி வைத்திருந்தார். கடைசியாக எழுதியது போன வாரத்தினுடையது: "எல்லோரையும் பாலத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள். மோகனும் ஏறிவிட்டான்."

இந்த மாதிரித் தொடர்களில் செலவைக் குறைக்க அதே இருபது பேரைத்தான் வாராவாரம் ஓட விடுவார்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவதில் அதிசயம் இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம், ஆனால் என் பயம் வேறு. பாலத்துக் கதை காமிக்ஸில் முன்பே வந்துவிட்டது. சுழல்வீரன் ஒரே ஒரு முறை தாமதமாக வருவது அதில்தான். பாலம் இடிந்துவிடும், மேலே இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்க மாட்டார்கள். சுழல்வீரன் முகமூடியைக் கழற்றி ஆற்றில் போட்டுவிட்டு நடந்து போவான். காமிக்ஸ் உலகத்திலேயே மகத்தான முடிவு என்று நானே மோகனுக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த மகத்தான முடிவு இன்னும் அரை மணியில் இந்த அம்மாவின் கண் முன்னால் வரப்போகிறது.

"இன்னிக்கு இன்னா ஆவும்பா? நீ படிச்சிருப்பியே" என்று கேட்டார்.

தெரியலம்மா என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் டிவியைப் போட்டார். மணி 6.28.

படம் அன்று நன்றாகவே வந்தது. ஒவ்வொரு உருவத்துக்கும் பின்னால் அரை அங்குலம் தள்ளி இன்னொரு வெளிறிய உருவம். வாழ்நாளில் முதல்முறையாக நான் சுழல்வீரனைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தேன். அந்த அம்மா எழுந்துபோய் டிவிக் கண்ணாடியில் விரல் வைத்தார். ஒல்லியான ஒருவன், சட்டை வெளியே தொங்கியது. மற்றவர்கள் பாலத்தில் இங்குமங்கும் ஓட, அவன் நின்று இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சுவரில் மோகனின் போட்டோ மாட்டியிருந்தது. நான் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பயமாக இருந்தது.

6.45க்குப் படம் மங்கியது. "மேல போய்க் கொஞ்சம் திருப்புப்பா, நான் இங்கேந்து சொல்றேன்" என்றார். இது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருப்புவார், இன்னொருவர் கீழேயிருந்து தெரியுது, தெரியலை என்று குரல் கொடுப்பார். மாடிப்படி ஏறும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். எதற்காக அவ்வளவு தூரம் போனேனோ அதை நானும் பார்க்கப்போவதில்லை. தெற்கே பார்த்திருந்த ஆன்டெனாவை நேர் மேற்கே, மணிமங்கலம் பக்கம் திருப்பினேன்.

"தெரியுதுப்பா" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அந்தப் பக்கம் எந்த நாட்டு டிவியும் கிடையாது. இன்னும் திருப்பி வடக்கே கொண்டுபோனேன். "நல்லா தெரியுது, அங்கியே வை" என்றார். சூரியன் இறங்கி, எண் எழுதிய கற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. ஆன்டெனாவிலிருந்து மாடிச் சுவர் வழியாக இறங்குகிற தட்டை ஒயரைப் பிடித்து, பூஸ்டரிலிருந்தே பிடுங்கிவிட்டேன். ஒயர் என் கையில் இருந்தது. கீழே டிவியிலிருந்து உஸ்ஸென்ற இரைச்சல்தான் கேட்டது.

"நடக்கறான்பா" என்றார் அந்த அம்மா. "அசைக்காத. பாலத்த தாண்டறான். தாண்டிட்டான்."

ஒயரோடு அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மறுபடி மாட்டவும் தைரியமில்லை, இறங்கிப் போகவும் தைரியமில்லை. இறங்கிப் போனபோது மணி 7.05. திரை முழுக்கப் பூச்சி பறந்துகொண்டிருந்தது. அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து மூடிவைத்ததும் மனசு கேட்காமல், மேலே ஒயர் கழன்றுவிட்டதம்மா என்றேன்.

"தெரியும்பா. நீ மேல ஏறின ஒடனே படம் பூடுச்சு."

பிறகு மோகனின் நாற்காலியைத் தள்ளினார். அதன் அடியில் ஒரு டிரங்குப் பெட்டி. திறந்து, மேலாக இருந்த ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பாலத்துக் கதை. படித்துப் படித்து அட்டை தனியாக வந்திருந்தது.

"தமிழ்லதானப்பா இருக்கு, எனக்குப் படிக்கத் தெரியாதா? தெரியலன்னு சொன்னா நீ எறங்கி வந்துடுவ, இல்லன்னா சரி பண்ணிடுவ. அதான் தெரியுதுன்னேன். ஒண்டியா உக்காந்து பாக்க பயமா இருந்துச்சு. அதான் ஒன்ன வரச் சொல்லி எழுதினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடம் காமிக்ஸைப் பற்றி வண்டி வண்டியாக எழுதியவன் நான். அந்த வீட்டில் முடிவு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்த என் மண்டைக்கனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் டிவியை அணைத்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தார். தார் ரோடு வரை கூடவே நடந்து வந்தார். 7.50 பஸ், எண்பது காசு. ஒன்பதுக்கு முன்பே சைதாப்பேட்டை. அடுத்த மாதம் போட்ட கார்டுக்குப் பதில் இல்லை. மோகன் கிடைத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது போகிறவர்களுக்கு: தாம்பரம் மேற்கிலிருந்து முடிச்சூருக்கு ஷேர் ஆட்டோ நிறைய ஓடுகிறது. கம்பம் எதுவும் மிச்சமில்லை, எண் கல் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளம் வந்து போன பிறகு ஒரு தடவை போய் அந்தத் தெருவைத் தேடினேன், அடையாளம் தெரியவில்லை. ரசிகர் வீடுகளுக்குப் புத்தகம் பார்க்கப் போகிறவர்கள் பெட்டியைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். யாரிடமும் எந்தக் கதையின் முடிவையும் கேட்காமல் சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தெரியாது என்றும் நினைக்காதீர்கள்.

சுழல்வீரன் தொடர் போன வருடம் தெளிவான பிரதியாக எனக்குக் கிடைத்தது, இருபத்தாறு பகுதியும். இருபத்தைந்து வரை ஒரே மூச்சில் பார்த்தேன். அந்த ஒல்லி ஆள் எல்லாவற்றிலும் இருக்கிறான். வெள்ளைக்காரன், நாற்பது வயது இருக்கும், யார் ஜாடையும் இல்லை. இருபத்தைந்தின் கடைசியில் பாலத்தில் ஏறுகிறான். இருபத்தாறாவது பகுதியை நான் திறக்கவில்லை. சேகரிக்கிறவன் கனவிலும் செய்யக்கூடாத காரியம்தான், ஆனாலும் அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டேன். என் பிரதியைக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு இருபத்தைந்து பகுதிதான் அனுப்புகிறேன். பாலத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால், ஒருத்தன் தாண்டிவிட்டான், பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று பதில் எழுதுகிறேன்.