ரெண்டு விசில்

பதினொரு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவள் அவள். எதிரே லாரி தாறுமாறாக வந்தாலும் அலட்டிக்கொள்ளாமல் ஒதுக்கி ஓட்டிவிடுவாள். ஆனால் மகளின் பள்ளியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தால் போதும், பிரிக்கவே பயந்து திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

அன்று வந்த சீட்டு, விளையாட்டு விழாவுக்கானது. போன வருஷத்து விழாவை நினைத்தால் இப்போதும் அவளுக்கு முழங்கை எரியும். முதல் விசிலுக்கே மகள் காதைப் பொத்திக்கொண்டு, மைதானத்து ஓரமாக இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் புகுந்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம் வெளியே வரவில்லை. அம்மாவும் டிரைவர் யூனிபாரத்தோடு பக்கத்தில் முழங்கை சிராய்க்கக் குப்புறப் படுத்துக்கொண்டு, தன் பஸ் நிற்கும் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஆட்டிசம். சத்தம் ஆகாது, கூட்டம் ஆகாது, சொல்லாமல் வரும் மாற்றம் எதுவுமே ஆகாது. நிறுத்தங்களின் பட்டியல் மட்டும் எப்போதும் ஆகும். கடைசியில் மகள் வெளியே வந்ததுகூட, அம்மா நடுவில் விட்டுவிட்ட ஒரு நிறுத்தத்தைத் திருத்துவதற்குத்தான்.

ஒன்பது வயதுதான், ஆனால் டிப்போவில் அவளுக்குப் பெயர் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அலுவலகத்துப் பலகையைவிடச் சரியாகச் சொல்வாள். அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் கொடுக்கிறாளோ இல்லையோ, "இன்னிக்கு நாலு நிமிஷம் லேட்" என்று சொல்லிவிடுவாள். இஸ்திரிக் கடையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு இந்த ஒரு விஷயத்தில் மனைவி மாட்டிக்கொள்வதைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும்.

"இந்த வருஷம் வேணும்னா வீட்லயே வச்சுக்குங்க. பிள்ளைக்கும் கஷ்டம் இல்ல" என்று வகுப்பு டீச்சர் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அம்மாவும் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த டைம்கீப்பர் தலை நிமிராமல் சொன்னாள்: "நானும் ஓடணும். விசில்தான் பயம்."

மகள் பள்ளியில் ஒன்றை வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. இது நடக்காமல் போனால் இனிமேல் எதையும் கேட்காமலே இருந்துவிடுவாளோ என்று அம்மா பயந்தாள். மறுநாள் வண்டி கிளம்பும் முன்னே கண்டக்டரிடம் கொட்டித் தீர்த்தாள். ஆறு வருஷமாக ஒரே பஸ்ஸில் வேலை, உடன்பிறந்தவரைப் போலத்தான்.

"விசில் நம்ம வீட்டுச் சாமான், தங்கச்சி" என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை டிப்போவுக்குக் கூட்டிட்டு வா. அவளுக்குப் பழக்கி விடுறது என் பொறுப்பு."

டிப்போவில் ஞாயிறு மதியம் பதினான்கு பஸ்கள் வரிசையாக நிற்கும். டைம்கீப்பர் முதல் பஸ்ஸின் படியில் உட்கார்ந்தாள். கண்டக்டர் பதினான்காவது பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்று, கொசு முனகுவதுபோல ஊதினார். அடுத்த வாரம் பன்னிரண்டாவது பஸ். அதற்கடுத்த வாரம் ஒன்பதாவது. ஒரு வாரம் அவசரப்பட்டு ஒரேயடியாக நாலு பஸ் முன்னால் வந்துவிட்டார். டைம்கீப்பர் படிக்கு அடியில் போய்விட்டாள். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி பின்னால் போனார். ஏழாவது வாரம் விசில் அவள் கைக்கே வந்தது. அவள் ஊத, தொப்பை குலுங்க ஓடியவர் கண்டக்டர்தான். பிறகு அவர் ஊத, அவள் ஓடினாள். அப்பா அவளுடைய புது டீசர்ட்டின் கழுத்து லேபிளைத் தையல் பிரித்து எடுத்து, உறுத்தாமல் தேய்த்துக் கொடுத்தார்.

விழா அன்று அம்மா, அப்பா, கண்டக்டர் மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நூறு மீட்டர் ஓட்டம். எட்டுப் பெண்கள் கோட்டில் நின்றார்கள், எட்டாவது டைம்கீப்பர். விளையாட்டு மாஸ்டர், அம்மா முன்பே கேட்டுக்கொண்டபடி தள்ளி நின்று, நீளமாக ஒரு விசில் ஊதினார்.

ஏழு பேர் பறந்தார்கள். டைம்கீப்பர் நட்ட கல்லாக நின்றாள்.

"பயந்துட்டாளா?" என்றார் அப்பா. பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து ஓடப் போனவள், மகளின் கையைப் பார்த்து நின்றாள். கை காதில் இல்லை. முகத்தில் பயமும் இல்லை. கால் கோட்டை மிதிக்காமல், இம்மி அசையாமல், கடமையே கண்ணாக நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, ஒரு விசில்னா என்ன?"

"நிறுத்தணும்" என்றார் கண்டக்டர். சொன்ன வாய் அப்படியே திறந்தபடி இருந்தது. பஸ்ஸில் ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் புறப்படு. ஏழு வாரமாக டிப்போவில் அவர் ஊதியதும் அந்தக் கணக்கில்தான். பஸ்ஸை விட்டால் உலகத்தில் வேறு விசில் இருக்கிறது என்பது பெரியவர்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

அதற்குள் ஓட்டம் முடிந்திருந்தது. அம்மா மாஸ்டரிடம் ஓடிப்போய் மூச்சிரைக்கச் சொன்னாள். "ஒரு விசில்னா நில்லா?" என்று கேட்டார் அவர். பிறகு சிரித்துக்கொண்டே தடத்தைக் காலி பண்ணச் சொல்லி, அறுந்த ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி பிடிக்க வைத்தார். "ஊதுங்க" என்று கண்டக்டரைப் பார்த்துக் கை காட்டினார்.

இரண்டு விசில்.

டைம்கீப்பர் புறப்பட்டாள். கை இரண்டும் பக்கவாட்டில் படபடக்க, வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே ஓடினாள். நிறுத்தங்களின் பெயராகத்தான் இருக்கும். ரிப்பனை நெஞ்சில் வாங்கினாள். நிற்கவில்லை. ரிப்பன் தோளில் தொங்க, வளைவில் திரும்பி மைதானத்தைச் சுற்றி ஓடினாள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினாள். அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முடிஞ்சிடுச்சு, நில்லும்மா" என்று வகுப்பு டீச்சர் கூப்பிட்டார். அது அவள் காதில் ஏறவே இல்லை. ஊதாமல் யாராவது நிறுத்துவார்களா?

"அட, நிறுத்துற விசில் கொடுக்கலையே" என்று கண்டக்டர் பதறிப்போய் விசிலை வாயில் வைத்தார்.

மகள் இரண்டாவது சுற்றில் அவர்களைக் கடந்துகொண்டிருந்தாள். வாய் நிறையச் சிரிப்பு. வீட்டுக்கு வெளியே அந்தச் சிரிப்பை அம்மா பார்த்ததே இல்லை. சட்டென்று எட்டி, கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊதாதீங்க அண்ணே. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."