அணைஞ்ச விளக்கு நாத்தம்

என் மச்சினன் அந்த மோட்டார் சைக்கிளை மாட்டுவண்டியில் ஏற்றித்தான் கொண்டுவந்தான். யுத்தத்துக்கு வந்த வண்டி. சின்னது. பட்டாளம் போன பிறகு மண்டபம் முகாமில் கழிவில் போட்டதை யாரோ எடுத்தார்கள். அவர்களிடமிருந்து இவன் எடுத்தான். கிக்கரை மிதித்தால் கால்தான் நொந்தது. என்ஜின் இறுகிக் கிடந்தது.

"மச்சான், இது ஓடுமா?"

"ஓடினதுதானே. ஓடும்."

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. யுத்த காலத்தில் மண்டபத்தில் ஒரு லாரி ஷெட்டில் துடைக்கிற வேலை பார்த்தேன். துடைத்துத் துடைத்து உள்ளே இருக்கிறது தெரிந்துபோனது. அப்புறம் ஊருக்கு வந்து மிளகாய்க் கொல்லைதான்.

என் சம்சாரம் வாசலில் நின்று வண்டியைப் பார்த்தாள். அவளுக்கு அவன் ஒரே தம்பி. அவர்கள் ஆத்தா போனபோது அவன் கைப்பிள்ளை. இவள்தான் வளர்த்தாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

"ஓட வைங்க. வேண்டாங்கலை. அவனை முழுசா வீட்டுக்குக் கொண்டாந்து சேர்க்கிற மாதிரி ஓட வைங்க," என்றாள்.

அவன் பெரியபட்டினம் கரையில் மீன் எடுத்து, ராமநாதபுரம் ஸ்டேஷனில் ரயிலில் ஏற்றுவான். சைக்கிளில் போய்ப் பல நாள் ரயிலை விட்டான். விட்ட மீன் கருவாட்டுக்குத்தான் ஆகும்.

என்ஜினை இறக்கிச் சாக்கில் பிரித்துப் போட்டேன். உள்ளே கடல் மணல். சிலிண்டரில் துரு. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி பிஸ்டனை வெளியே எடுத்தேன். அதன் வளையங்கள் ஒடிந்திருந்தன. பேரிங்கைச் சுற்றினால் சோழி குலுக்கின மாதிரி சத்தம். இரண்டும் புதுசாக மதுரையில் கிடைத்தன. சிலிண்டரின் உள்சுவரைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தேன். சைலன்ஸரில் கரி அடைத்திருந்தது. பனையோலையைக் கொளுத்தி அதில் போட்டுச் சுட்டேன். கரி உதிர்ந்தது.

மூன்றாவது மிதிக்கு வண்டி பிடித்துக்கொண்டது. அவன் கொல்லையைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தான். முகம் தெளியவில்லை.

"மச்சான், மணல்ல இழுக்க மாட்டேங்குது. ரயில்காரன் எனக்காக நிக்க மாட்டான்."

மறுபடி பிரித்தேன். என்ஜின் தலையின் அடிப்பக்கத்தைக் கண்ணாடிமேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொஞ்சம் இறக்கினேன். சிலிண்டரில் புகை வெளியே போகிற வாசல் ஒன்று இருக்கும். அதன் மேல் விளிம்பை அரத்தால் ஒரு காசு கனம் ஏற்றினேன். அதோடு அரத்தை வைத்துவிட்டேன். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

இப்போது வண்டி மணலில் கன்றுக்குட்டி மாதிரி எகிறியது. அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வேகம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் எண்ணெய் கூட வேண்டும்.

அந்த மாதிரி என்ஜினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். உள்ளே ஓடுகிற பிஸ்டனுக்கு அந்த எண்ணெய்தான் உயிர். இல்லாவிட்டால் பிஸ்டன் காய்ந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் ஒட்டினால் பின்சக்கரம் அப்படியே நின்றுபோகும். ஆள் நிற்க மாட்டான். இதை அவனுக்குச் சொன்னேன்.

"எப்பவும் ரெண்டு விரல் கிளட்ச்மேல இருக்கட்டும். சத்தம் மாறினா பிடிச்சிரு. சக்கரம் விட்டுரும்."

"சரி மச்சான்."

"என்ன சொன்னேன்?"

"ரெண்டு விரல்."

மழைக்காலத்தில் ராமநாதபுரம் பெட்ரோல் பங்கில் அந்த எண்ணெய் வராமல் போனது. விளக்கெண்ணெயும் ஆகும் என்று லாரி ஷெட்டில் கேட்டிருந்தேன். எங்கள் கொல்லை ஓரம் பூராவும் ஆமணக்கு. என் சம்சாரம் கொட்டையை வறுத்து, இடித்து, கொதிக்க வைத்து எண்ணெய் எடுத்தாள். மாட்டுவண்டி அச்சுக்கு எடுப்பதுதான். தம்பி வண்டிக்கு என்று இன்னொரு தரம் வடிகட்டினாள். பெட்ரோலில் அது சுலபத்தில் சேராது. டப்பாவில் ஊற்றிக் குலுக்கு குலுக்கென்று குலுக்கித்தான் தொட்டியில் விட வேண்டும்.

வண்டி நன்றாக ஓடியது. நாத்தம்தான். விளக்கை ஊதி அணைத்தால் திரி கருகி ஒரு நாத்தம் வருமே, அந்த நாத்தம். வண்டி போன பிறகும் தெருவில் அது நின்றது.

விளக்கை ஊதி அணைக்கிறது எங்கள் பக்கம் ஆகாது. பூவை வைத்துத்தான் அமர்த்துவார்கள். அந்த நாத்தம் வாசலில் அடித்தால் சாவு வீட்டு நினைப்புத்தான் வரும். வெளியூர் கிளம்பினவர்கள் இவன் வண்டி எதிரே வந்தால் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள்.

"ஏலே, இன்னிக்கு யார் வீட்டு விளக்கை அணைச்சிட்டு வாரே?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"உங்க வீட்டுதுதான் சித்தப்பு. போய் ஏத்துங்க," என்பான் அவன்.

பெரியபட்டினத்தில் மீன் எடுத்துக் கொடுக்கிற பாய் வேறு மாதிரி சொன்னார். "வாப்பா, நீ வாரது எனக்குக் காதுக்கு முன்னாடி மூக்குக்குத் தெரிஞ்சிருது. அதுக்குள்ள கூடையைக் கட்டிருறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் சம்சாரம் சிரிக்கவில்லை. அவன் புறப்பட்டதும் நாத்தம் போக வாசலில் தண்ணீர் தெளித்தாள்.

தை மாதம் அவனுக்கு ஏர்வாடிப் பக்கம் ஒரு ஊரில் பெண் அமைந்தது. நல்ல குடும்பம். பூ வைக்க நாள் குறித்தார்கள். மாப்பிள்ளையின் அக்காதான் பெண்ணுக்குத் தலையில் பூ வைக்க வேண்டும். அதனால் என் சம்சாரமும் மற்றவர்களும் விடியும்போதே மாட்டுவண்டிகளில் கிளம்பினார்கள். அவன் ரயிலுக்கு மீன் ஏற்றிவிட்டு வந்து, என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வருவதாகப் பேச்சு.

முதல் நாளே அவனிடம் சொன்னாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

"ராசா, அந்த நாத்தத்தோட பொண்ணு வீட்டு வாசல்ல வந்து நிக்காதே."

"அதுக்கு என்னக்கா செய்யிறது? வண்டி அப்படித்தானே."

"என்னமோ செய்யி. ஒரு நாளைக்கு. அங்கன வந்து மூக்கைப் பொத்துனாங்கன்னா என்னால பூ வைக்கக் கை நீளாது."

"சரிக்கா."

சும்மா பேசுகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

அவன் ஸ்டேஷனிலிருந்து வந்ததும் நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவன் புது வேட்டி கட்டி வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சைலன்ஸரில் பழைய பிசுக்குப் புகைந்தது. நாத்தமும் இருந்தது. ஏறிக்கொண்டேன்.

பனங்காடு தாண்டுகிற வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கண்மாய்க் கரை வந்தது. அந்த வருசம் நல்ல மழை. இடது கைப்பக்கம் தண்ணீர் கரை முட்டக் கிடந்தது. வலது பக்கம் கல் பாவின சரிவு. நடுவில் ஒரு வண்டித் தடம்.

வண்டி நன்றாக ஓடியது. எப்போதும் விட்டுவிட்டு இருமும். அன்றைக்கு இருமவே இல்லை. சத்தம் சன்னமாக, ஒரே இழையாக வந்தது. அவன் திரும்பிக் கத்தினான்.

"மச்சான், எப்படிப் போகுது பாத்தீங்களா!"

பார்த்தேன். என்னமோ குறைந்தது. என்னவென்று புரியவில்லை.

தை மாதக் காற்று. முதுகுப் பக்கமிருந்து வீசியது. என் துண்டு முன்னால் பறந்து அவன் தோளில் அடித்தது. அப்படியானால் புகையும் எங்கள் கூடவே வர வேண்டும். மூக்கை இழுத்துப் பார்த்தேன். தண்ணீர் வாசம் வந்தது. கரையில் பூத்த கருவேலம் பூ வாசம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"ஏலே, எண்ணெய் கலந்தியா?"

"என்ன மச்சான்?"

"எண்ணெய்!"

"இன்னிக்கு மட்டும் வேண்டாம்னு தொட்டியை வடிச்சிட்டு வெறும் பெட்ரோல் விட்டேன். அச்சுக்கு மசகு போடாட்டி மாட்டுவண்டி கத்தும். நின்னா போகும்? இம்புட்டுத் தூரந்தானே!"

"கிளட்ச்சைப் பிடி! பிடிடா!"

அதற்குள் சத்தம் மாறிவிட்டது. சன்னமாக இருந்தது தடித்தது. யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுப்பது போல் இருந்தது. கிறீச் என்றது. பின்சக்கரம் நின்றது. வண்டி குறுக்கே திரும்பி, கல் சரிவில் போனது.

நான் கரைமேலேயே விழுந்தேன். தோள் நொந்தது. எழுந்துவிட்டேன்.

அவன் கீழே கிடந்தான். வண்டி அவன்மேல் இல்லை. அவன் கைமேல் இருந்தது. கடைசியில் கிளட்ச்சைப் பிடித்திருக்கிறான். பிடித்த பிடியை விடவில்லை. இடது கைப்பிடியும் கல்லும் ஒன்றாக இருந்தன. நடுவில் அவன் இரண்டு விரல்.

வண்டியைத் தூக்கினேன். அவன் கையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

"இருக்கா மச்சான்?"

"மூணு இருக்கு. எழுந்திரி."

துண்டைக் கிழித்துக் கட்டினேன். வண்டியை அங்கனயே போட்டுவிட்டு நடந்தோம். அவன் புது வேட்டி முன்பக்கம் பூராவும் சிவந்துபோனது. வழியில் அவன் ஒன்றுதான் கேட்டான்.

"அக்காகிட்ட என்ன சொல்ல?"

"உள்ளதைச் சொல்லு."

பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். என் சம்சாரம் தட்டில் பூவோடு நின்றுகொண்டிருந்தாள். முதலில் தம்பியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"உங்க அரம் செஞ்ச வேலையா?"

நான் வாய் திறப்பதற்கு முன்னே அவன் சொன்னான்.

"இல்லக்கா. எண்ணெய் கலக்கலை. நாத்தம் வேண்டாம்னே இல்ல."

அவள் அழவில்லை. பூவைத் தட்டில் வைத்தாள். அவன் கையை எடுத்துத் தன் முந்தானையில் சுற்றினாள்.

பெண்ணின் தகப்பனார் வந்து நின்றார். வாசலில் சொட்டினதைப் பார்த்தார். மரியாதைக்காரர். சத்தம் போடவில்லை.

"மாப்பிள்ளையை முதல்ல ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மத்ததைப் பெறகு பேசுவோம்," என்றார்.

அந்தப் பேச்சு பிறகு வரவே இல்லை. நாங்களும் ஆள் விட்டுக் கேட்கவில்லை.

அவன் கைக்கட்டைப் பிரித்த பிறகு, கரையில் கிடந்த வண்டியைக் கொண்டுவந்து என்ஜினைப் பிரித்தேன். என் சம்சாரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் அப்படி உட்கார்ந்ததில்லை. பிஸ்டன் ஒரு பக்கம் உருகி, சட்டியில் அடிப்பிடித்த சோறு மாதிரி சுவரில் இழுகியிருந்தது. அவள் அதன்மேல் விரலை வைத்துத் தடவினாள்.

"இம்புட்டுக்கு எம்புட்டு எண்ணெய் வேணும்?"

"ஒரு கையளவு."

எழுந்து போய் ஆமணக்குக் கொட்டையை வறுக்க உட்கார்ந்தாள்.

விற்றுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை. மூன்று விரலால் கிளட்ச் பிடிக்கப் பழகிக்கொண்டான். வேறு பிஸ்டன் போட்டேன். என்ஜின் தலைக்கு அடியில் கனமான தகடு ஒன்று வெட்டி வைத்து வேகத்தைக் குறைத்தேன். புகை வாசலில் அரம் எடுத்தது எடுத்ததுதான்.

இரண்டு வருசம் கழித்து வேறு ஊரில் பூ வைத்தார்கள். மாப்பிள்ளையும் மாட்டுவண்டியில்தான் வந்தான்.

மீனுக்கு மட்டும் அந்த வண்டிதான். விடியும்போது வாசலில் மிதிப்பான். அவள் அடுப்பை விட்டு வந்து சைலன்ஸர் பக்கம் நிற்பாள். புகை முகத்தில் அடிக்கும். அணைஞ்ச விளக்கு நாத்தம் வந்தால் தலையை ஆட்டுவாள். அவன் போவான். அவள் வாசலில் தண்ணீர் தெளிக்கிறதை விட்டுவிட்டாள்.

பனி நாளில் நாத்தம் வரச் சுணங்கும். அப்போது பின்னால் கூடை கட்டுகிற கம்பியைப் பிடித்துக்கொள்வாள்.

"அக்கா, ரயில் போயிரும். விடு!"

அவள் மூக்கை இழுத்துப் பார்ப்பாள். பிடியை விடமாட்டாள்.