அகிலாவைக் கண்டு முகம் சுளிக்காத ஒருவரைக் கேட்டேன்

என் மகள் அகிலா ஒரு சாவு வீட்டில் சிரித்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது.

என் கணவரின் சித்தப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம். அழுகை கூடக் கூட அவளுடைய சிரிப்பும் கூடியது. கையைத் தட்டிக்கொண்டு, தெருவரைக்கும் கேட்கும்படி சிரித்தாள். என் கணவரின் அண்ணன் மனைவி புஷ்பம் அக்கா எழுந்து வந்தார்.

"பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வரப்பிடாதாட்டி? இது சாவு வீடுல்லா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த நான், அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் போகவில்லை.

அகிலா பேசமாட்டாள். கைகளைத் தூக்கியபடி தள்ளாடித் தள்ளாடி நடப்பாள். அடிக்கடி வலிப்பு வரும். தூக்கம் குறைவு. காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிரிப்பாள். ரத்தத்தை எங்கோ அனுப்பிப் பரிசோதித்து, இது ஏஞ்சல்மேன் என்ற அபூர்வமான குறை, பிறவியிலேயே வந்தது என்றார்கள். "இந்தப் பக்கத்துல இப்படி வேற பிள்ளைய நான் பாத்ததில்ல" என்றார் டாக்டர். மருந்துச் சீட்டைவிட அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பாரமாக இருந்தது.

நாங்கள் இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கணவருக்கு மோட்டார் ரிப்பேர் கடை. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு நண்பகலில் எல்லோரும் கூடிப் படிக்கும் உச்சிப்படிப்புக்கு, நாங்கள் அய்யாவைக் கும்பிடும் தாங்கலுக்குப் போகாமல் நான் இருந்ததில்லை. அதுவும் நின்றது. ஒருநாள் எல்லோரும் படித்துக்கொண்டிருக்கும்போது அகிலா என் கையை உதறிவிட்டு, பள்ளியறையில் சிலைக்குப் பதிலாக வைத்திருக்கும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடினாள். பலர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் இருந்தாலும் பயம்தான். அவள் சிரிக்கத் தொடங்கினால் நான் ஜன்னலைச் சாத்துவேன். ஒருநாள் பக்கத்து வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். இவள் சத்தமாகச் சிரித்தாள். நான் அவள் வாயைப் பொத்திவிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இது சாட்சி ஆகாது. அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். என் உள்ளங்கையில் முத்தம் கொடுத்தாள்.

நான் உடைந்துபோனேன்.

முகம் கழுவி, நெற்றியில் நாமம் இட்டு, விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன். "அய்யா, இவளுக்குப் பேச்சு வேணும்னு இத்தனை வருஷம் கேட்டேன். இனி அதைக் கேக்கல. இவளைக் கண்டா முகம் சுளிக்காத ஒரே ஒரு ஆளைக் காட்டித் தாரும். எனக்குத் தனியா முடியல." அவ்வளவுதான் கேட்டேன்.

மூன்று வாரம் கழித்து, வலிப்பு மருந்தை மாற்றுவதற்காகத் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டம். கணவர் சீட்டு வாங்க வரிசையில் நின்றார். நான் பெஞ்சில் இருந்தேன். திடீரென்று அகிலாவின் சிரிப்பு கேட்டது. பழக்கத்தில் என் கை அவள் வாயைப் பொத்தப் போனது.

அகிலா என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தேன். பின் பெஞ்சில் மீசை அரும்பிய ஒரு பையன், கைகளைத் தூக்கிக்கொண்டு, என் மகள் சிரிப்பது போலவே சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சுற்றி இருந்தவர்கள் பார்ப்பதை அவர் சட்டையே செய்யவில்லை. என் தோளில் சாய்ந்திருந்த பிள்ளையைத்தான் பார்த்தார்.

"மக்கா, உனக்க பிள்ளைக்கும் இதுதானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"இது எனக்க மவன் ஜோபின். பத்தொம்பது வயசு. குழாயத் தொறந்தா உனக்க பிள்ளயும் தண்ணிய விட்டு எழும்பமாட்டாளே?"

"எழும்பவே மாட்டா அக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம பின்ன யாருக்குத் தெரியும்? நீ என்னத்துக்கு அழுக?"

ஜன்னல் சாத்துவதைச் சொன்னேன். வாயைப் பொத்தியதையும் சொன்னேன். என் கணவரிடம்கூட அதுவரை சொன்னதில்லை. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு ஆரஞ்சுச் சுளையை என் கையில் வைத்தார்.

"நானும் அப்படித்தான் இருந்தேன் மக்கா. பொறவு கடப்பொறத்துல கொண்டு விட்டேன். நல்லா சிரிலே, கடலுக்க சத்தத்த விடவா உனக்க சத்தம் பெருசுன்னேன். இப்ப வலை இழுக்கவனுவளுக்கு இவனக் காணலன்னா வேல ஓடாது."

அவர் பெயர் ஸ்டெல்லா. மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை ஊர். வேளாங்கண்ணி மாதாவை வேண்டுகிறவர். நான் அய்யாவை வேண்டிக் கேட்ட ஆளை, அய்யா அந்த பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்தார்.

ஸ்டெல்லா அக்காவுக்கு இன்னும் இரண்டு குடும்பங்களைத் தெரிந்திருந்தது. அவர்கள் வழியாக மற்றவர்கள். எல்லாருக்கும் ஒரே குறை இல்லை. பெயரே வாயில் நுழையாத குறைகள் உள்ள பிள்ளைகளும் உண்டு. இப்போது ஏழு குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். எந்த மருந்துக்கு வாந்தி வரும், எந்தப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள் என்று பேசுவோம். சில நாள் அதெல்லாம் பேசவே மாட்டோம். சீரியல் கதை பேசுவோம்.

போன ஆவணியில் கூட்டத்தை நடத்த எங்கள் முறை வந்தது. வீடு சிறியது. கணவர் தயங்கித் தயங்கித் தாங்கலில் இடம் கேட்டார். பணிவிடை செய்யும் பெரியவர், "இதுக்கு என்னத்துக்குக் கேக்கணும்? பிள்ளையள கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அன்று அரிசியும் காய்கறியும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பொங்கிய உம்பான் சோறுதான் எல்லோருக்கும். ஜோபின் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

நான் வழக்கம்போல ஒரு கையால் அகிலாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். தாங்கலுக்கு வந்திருந்த புஷ்பம் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாவு வீட்டுக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசியதே இல்லை.

"பிள்ளைய இங்க தாட்டி. நீ சாப்பிடு."

"உங்க சேலையெல்லாம் இழுத்துருவா அக்கா."

"இழுக்கட்டும். சேலதானே. சோறு ஆறுகதுக்கு முன்ன சாப்பிடு."

அகிலா அவர் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். பல வருஷத்துக்குப் பிறகு நாலு பேர் நடுவில் இரண்டு கையும் சும்மா இருக்க, சூடாகச் சாப்பிட்டேன். அய்யா, இது போதும் என்று மனசு சொன்னது.

அகிலாவுக்கு இப்போது எட்டு வயது. இன்னும் பேசவில்லை. வலிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அதை மறைத்துச் சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் இன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறேன், சந்தைக்குப் போகிறேன். ஞாயிறு தவறாமல் இங்கே தாங்கலுக்கு வருகிறேன். அவளுக்குப் பேச்சு வேண்டும் என்று கேட்பதை நான் விட்ட நாளிலிருந்துதான் எனக்கு வேண்டியது வரத் தொடங்கியது என்று தோன்றுகிறது. அய்யாவுக்கு நன்றி.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பிள்ளையை உள்ளேயே வைத்திருந்தால், அடுத்த மாதம் எங்கள் கூட்டத்துக்குக் கூட்டி வாருங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் வாருங்கள். பிள்ளை சத்தம் போடுமே, எதையாவது கொட்டிவிடுமே என்று தயங்க வேண்டாம். எங்கள் ஏழு பிள்ளைகளும் சேர்ந்தால் உங்கள் பிள்ளையின் சத்தம் உங்களுக்கே கேட்காது.