மூன்றெழுத்துக் கார்டும் சகலை ஃபிராங்க்ளினும்

வெள்ளத்துரை கடலை ஒட்டியே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஆனால் அந்தக் கடலில் அவர் கணுக்காலுக்கு மேல் நனைந்ததே கிடையாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிற சரக்குக்குக் கஸ்டம்ஸில் காகிதம் முடித்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் அவர் மூத்த ஆள். முந்திரிக்கொட்டை வந்தாலும் சரி, மரக்கட்டை வந்தாலும் சரி, சரக்கு எப்படியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கமாட்டார். எந்த நாட்டுச் சான்றிதழ், யார் கையெழுத்து, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, இங்கே ஏற்றுக்கொள்வார்களா? அவ்வளவுதான் அவருடைய உலகம். வீட்டிலும் அதே கதைதான். மனைவி தேவகனி காய் வாங்கக் கிளம்பினால்கூட, "ஏளா, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு பையில கெடக்கட்டும்" என்பார்.

ஐம்பது வயது முடிந்தபோது, சென்னையில் வேலை பார்க்கும் மகள் பெனிஷா அவரைப் புதுச்சேரிக்கு வரச்சொன்னாள். ஊர் சுற்றிக் காட்டப்போகிறாள் என்று நினைத்துப் போனார். அவள் கொண்டுபோய் ஸ்கூபா வகுப்பில் சேர்த்துவிட்டாள். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய் வருகிற படிப்பு. அரைநாள் முழுக்கக் கோபமாக இருந்தார். பிறகு, பணம் கட்டியாகிவிட்டது, திருப்பித் தரமாட்டார்கள் என்று தெரிந்ததும் தண்ணீரில் இறங்கினார். சின்ன வயதில் நாசரேத்துத் தோட்டத்துக் கிணறுகளில் குதித்து நீந்தியவர்தான். கை கால் மறந்துவிடவில்லை.

கடலுக்கடியில் முதல் தடவை போனபோது, தன் மூச்சு போய்வருகிற சத்தத்தை அவர் கேட்டார். செல்போன் மணி இல்லை. 'என்ன அண்ணாச்சி, கிளியரன்ஸ் ஆயிட்டா?' என்று யாரும் கேட்கவில்லை. கோடு போட்ட மீன் ஒன்று முகத்துக்கு நேரே வந்து நின்று, அவரைப் பார்த்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனது. மேலே வந்து படகில் உட்கார்ந்தவர் இறங்கி வந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெனிஷா பயந்துபோய்த் தோளைத் தொட்டாள்.

"ஒண்ணுமில்லளா. நல்லா இருந்துச்சி" என்றார்.

பாஸானதற்கு அடையாளமாக ஒரு கார்டு வந்தது. அவர் போட்டோ, பெயர், ஒரு நம்பர், சொல்லிக்கொடுத்த அமைப்பின் பெயர் சுருக்கமாக மூன்று ஆங்கில எழுத்தில். பிளாஸ்டிக் கார்டுதான். வெள்ளத்துரை அதை மறுபடியும் லேமினேஷன் செய்தார்.

வினை வந்தது கிறிஸ்துமஸுக்கு. சாத்தான்குளத்தில் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தேவகனியின் அக்காவைக் கட்டிய ஃபிராங்க்ளினும் வந்திருந்தார். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, உதட்டை மூடிய கெட்டி மீசை. மஸ்கட்டில் எண்ணெய்க் கம்பெனியில் இருந்தபோது அவரும் ஸ்கூபா படித்துக் கார்டு வாங்கியவர். அது வேறொரு அமைப்பின் கார்டு. அதற்கு நாலெழுத்து.

வெள்ளத்துரையின் கார்டைக் கையில் வாங்கிய ஃபிராங்க்ளின் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது மூணெழுத்துல்லா?"

"ஆமா அண்ணாச்சி. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. ஒலகம் பூரா நாலெழுத்துக்குத்தான் மதிப்பு. இத கொண்டுகிட்டு நம்ம ஊர்ல போயி நின்னேன்னு வையி, ஒரு பய உன்ன போட்ல ஏத்த மாட்டான்."

மட்டனை மறந்துவிட்டு எல்லோரும் வெள்ளத்துரையைப் பார்த்தார்கள்.

ஃபிராங்க்ளின் இப்படிச் சொல்வது முதல் தடவை இல்லை. மஸ்கட்டிலிருந்து திரும்பியதும் அவர் வேறு சபைக்கு மாறி, ஆற்றில் முங்கி ஞானஸ்நானம் எடுத்தவர். குழந்தையில் தலையில் தண்ணீர் தெளித்து வாங்கிய வெள்ளத்துரையின் ஞானஸ்நானம் செல்லாது என்று பத்து வருஷமாகச் சொல்லி வருகிறார்.

"தெளிச்சதுதான் செல்லாதுன்னீய. இப்போ பன்னெண்டு மீட்டர் முங்கிட்டு வந்துருக்கேன், அதுவும் செல்லாதா?" என்று வெள்ளத்துரை கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. 'ஏத்துக்கிட மாட்டான்' என்பது அவர் தொழிலில் கேட்கக்கூடாத வார்த்தை.

தூத்துக்குடி திரும்பியதும் வேலையை ஆரம்பித்தார். மூன்றெழுத்து அமைப்பின் தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினார். எங்கள் பயிற்சியும் மற்றவர்கள் பயிற்சியும் ஒரே உலகத் தரத்தில் இருப்பதால், பொதுவாக எல்லா இடத்திலும் எங்கள் கார்டை ஏற்றுக்கொள்வார்கள், முடிவு அந்தந்த டைவிங் கடைக்காரருடையது என்று மரியாதையாகப் பதில் வந்தது. வெள்ளத்துரைக்கு 'பொதுவாக' என்ற வார்த்தை தொண்டையில் சிக்கியது. பொதுவாக வந்துவிடும் என்று சொல்லப்பட்ட எத்தனையோ கண்டெய்னர்கள் வாரக்கணக்கில் யார்டில் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். மெயிலைப் பிரிண்ட் எடுத்தார். கார்டு ஜெராக்ஸில் நோட்டரி வக்கீலிடம் கையெழுத்து வாங்கினார். டாக்டரிடம் உடம்புச் சான்றிதழும் வாங்கி ஃபைலில் கோர்த்தார்.

கடற்கரைச் சாலையில் டைவிங் கடை வைத்திருந்தவள் முத்துச்செல்வி, திருச்செந்தூர்க்காரி. அந்தமானில் சில வருஷம் ஸ்கூபா சொல்லிக்கொடுத்துவிட்டு ஊரோடு வந்தவள். வெள்ளத்துரை அவளுக்குப் போன் செய்தார்.

"மேடம், மூணெழுத்து கார்டு உங்க கடையில ஏத்துக்கிடுவீயளா?"

"எந்த கார்டா இருந்தாலும் சரி அண்ணாச்சி. நாங்க எல்லாத்தையும் எடுத்துக்கிடுதோம். வாங்க."

"அத எழுத்துல தருவீயளா?"

முத்துச்செல்வி போனை வைத்துவிட்டாள். பிறகு வாட்ஸப்பில் வந்தது: 'வாங்க அண்ணாச்சி.' அதையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தார்.

விஷயம் காதுக்கு எட்டியதும், "நானும் வாரேன். உன்ன திருப்பி அனுப்புதத நேர்ல பாக்கணும்லா" என்று ஃபிராங்க்ளினும் கிளம்பினார். கடல் தணிந்திருந்த மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை இரண்டு சகலைகளும் முத்துச்செல்வி கடையில் போய் நின்றார்கள்.

வெள்ளத்துரை மேஜையில் ஃபைலைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். முத்துச்செல்வி கார்டை மட்டும் உருவிக்கொண்டாள். செல்போனில் நம்பரைத் தட்டினாள். "பேரு வருது. சரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வெள்ளத்துரைக்குப் பெரிய ஏமாற்றம். நோட்டரியின் முத்திரையையாவது பார்த்திருக்கலாம்.

"கீழ மெயிலு ஒண்ணு இருக்கு. அதையும் ஒரு பார்வை..."

"வேண்டாம் அண்ணாச்சி. கடைசியா எப்போ தண்ணிக்குள்ள போனீய?"

"போன வருசம், புதுச்சேரியில. அதோட போகல."

ஃபிராங்க்ளின் தன் கார்டை நீட்டினார். போட்டோவில் தலைமுடி நிறைய இருந்தது. "நாலெழுத்து" என்று ஞாபகப்படுத்தினார். அந்த நம்பரும் சரியாகவே வந்தது.

"நீங்க கடைசியா எப்போ அண்ணாச்சி?"

"மஸ்கட்ல இருக்கும்போது."

"எந்த வருசம்?"

ஃபிராங்க்ளின் மின்விசிறியைப் பார்த்தார். "ரெண்டாயிரத்துப் பன்னெண்டு."

"அப்போ ரெண்டு பேரும் மொதல்ல நெஞ்சளவு தண்ணியில எனக்குச் செஞ்சு காட்டணும். அதுக்கப்புறந்தான் ஆழம்."

"ஏம்மா, என் கார்டுக்குக் காலாவதியே கெடையாதுல்லா!"

"கார்டுக்குக் கெடையாது அண்ணாச்சி. நமக்குத்தான் மறந்து போகுது."

மறந்துதான் போயிருந்தது. தண்ணீருக்குள் மாஸ்க்கைக் கழற்றி மறுபடி மாட்டி, மூக்கால் ஊதி, உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஃபிராங்க்ளின் ஊத ஊதத் தண்ணீர் மீசை வழியாக உள்ளே வந்துகொண்டே இருந்தது. இருமிக்கொண்டு எழுந்து, "மாஸ்க்கு ஓட்டை" என்றார். முத்துச்செல்வி மீசைமேல் கொஞ்சம் வாசலினைத் தடவிவிட்டாள். நாலாம் தடவை தண்ணீர் நின்றது. வெள்ளத்துரையின் பாடு வேறு. மாஸ்க்கெல்லாம் சுத்தமாகச் செய்தார். ஆனால் ஆள் முங்கவில்லை. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தக்கை மாதிரி மிதந்தார்.

"மூச்ச விடுங்க அண்ணாச்சி!"

"விட்டுட்டுத்தான் இருக்கேன்!"

"விடல. கன்னம் பலூன் மாதிரி இருக்கு."

இடுப்பில் இன்னும் ஒரு ஈயக்கட்டியைக் கோர்த்து, மூச்சை முழுக்க விடச் சொன்ன பிறகுதான் இறங்கினார். பார்த்துக்கொண்டிருந்த ஃபிராங்க்ளின் இந்த ஒரு விஷயத்தில் எதுவும் சொல்லவில்லை. மீசையில் வாசலினோடு நிற்கிறவர் என்ன சொல்ல முடியும்?

அதன்பிறகு படகு அவர்களைப் பாருக்குக் கொண்டுபோனது. முன்காலத்தில் முத்துச்சிப்பி எடுத்த கடலடிப் பாறைத் திட்டுக்குத்தான் பார் என்று பெயர். முத்துச்செல்வி இருவரையும் ஜோடியாகப் போட்டாள். ஜோடி என்றால் ஒருத்தர் சிலிண்டரை ஒருத்தர் சரிபார்க்க வேண்டும், கீழே ஒருத்தரை ஒருத்தர் விட்டுப் போகக்கூடாது. ஃபிராங்க்ளினின் வார்களை வெள்ளத்துரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். "ஏலே, கஸ்டம்ஸ் சோதனை மாதிரில்லா பாக்குதே!" என்றார் ஃபிராங்க்ளின்.

கீழே தண்ணீர் கொஞ்சம் கலங்கல்தான். பாறையிடுக்கில் மஞ்சள் மீன்கள் கூட்டமாக நின்றன. மணலில் கடல் அட்டைகள் கிடந்தன. அப்போது மணலே எழுந்து நடப்பதுபோல ஒரு பெரிய திருக்கை, செட்டைகளை அசைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் கிளம்பியது. ஃபிராங்க்ளினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளத்துரையின் பக்கம் திரும்பி, 'சூப்பர்' என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

தண்ணீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் சூப்பர் என்று அர்த்தமில்லை. 'மேலே போவோம்' என்று அர்த்தம். ஜோடியில் ஒருத்தர் காட்டினால் மற்றவர் காரணம் கேட்கக்கூடாது என்று வெள்ளத்துரை படித்திருந்தார். அவர் உடனே ஃபிராங்க்ளினின் கையைப் பிடித்து மேலே கிளம்பினார். ஃபிராங்க்ளின் கண்களை உருட்டிக் கீழே திருக்கையைக் காட்டினார். வெள்ளத்துரை 'புரிகிறது, பயப்படாதீர்கள்' என்று சாடை காட்டினார். வேகமாக ஏறக்கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. ஆகவே போகப்போக நிறுத்தி நிறுத்தி, ஃபிராங்க்ளின் உதறுவதையெல்லாம் நடுக்கம் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்து, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். முத்துச்செல்வியும் என்னவோ ஏதோவென்று பின்னாலேயே ஏறி வந்தாள்.

மேலே வந்ததும் ஃபிராங்க்ளின் வாயிலிருந்த காற்றுக்குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினார்: "ஏம்லே என்ன இழுத்துட்டு வந்தே? எம்மாம்பெரிய திருக்கை!"

"நீங்கதான அண்ணாச்சி மேல போகச் சொன்னீய!"

"நான் எங்க சொன்னேன்? சூப்பர்ன்னேன்!"

"உங்க நாலெழுத்துல கட்டவிரல்னா சூப்பரா?"

இருவரும் அலையில் ஆடிக்கொண்டே முத்துச்செல்வியைப் பார்த்தார்கள். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் மாஸ்க்கை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"எந்த எழுத்தா இருந்தாலும் அது மேலதான் அண்ணாச்சி."

ஃபிராங்க்ளின் மீசையில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். பிறகு, "மறந்துட்டேம்ப்பா" என்றார். வெள்ளத்துரைக்குத் தெரிந்து அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை. அலையில் மூச்சிரைத்துக்கொண்டிருந்த பெரிய மனுஷனைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. "சிலிண்டர்ல காத்து இருக்கு. மறுபடி போவமா?" என்று கேட்டார். போனார்கள். திருக்கை அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

அதிலிருந்து மாதம் ஒரு தடவை, கடல் விட்டால், இருவரும் போகிறார்கள். சண்டை நின்றுவிட்டது என்று சொல்லமுடியாது. ஃபிராங்க்ளின் பெரிய உடம்புக்காரர், காற்றைச் சீக்கிரம் தீர்த்துவிடுவார். ஜோடி என்பதால் வெள்ளத்துரையும் பாதிக் காற்றோடு அவர்கூட மேலே வர வேண்டும். பொறுக்க முடியாமல் ஒரு தடவை, "எனக்கு வேற ஜோடி போடு தாயி" என்று முத்துச்செல்வியிடம் ரகசியமாகச் சொன்னார். அவளும் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையனோடு போட்டாள். பையன் மீன் மாதிரிப் பாய்ந்தான். அவனை விடாமல் பிடிப்பதிலேயே வெள்ளத்துரைக்கு நேரம் போய்விட்டது. எதையும் நின்று பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதம், "அண்ணாச்சி கூடவே போடு. அவரு மெதுவாத்தான் போவாரு. எனக்கு அதுதான் தோது" என்றார்.