அம்புரோஸ் அண்ணனின் மூக்கும் நண்டு ரசமும்

காசிமேட்டில் நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவர் அம்புரோஸ் அண்ணன். அம்மோனியா கேஸ் ஊசிமுனை அளவு கசிந்தாலும் அவர் மூக்குக்குத் தெரியும். மற்றவனுக்கெல்லாம் கண் எரிந்த பிறகுதான் தெரியும். இருபது வருஷமாக எங்களில் ஒருத்தனும் மயங்கி விழவில்லை.

மீன்பிடித் தடை முடிய ஆறு நாள் இருந்தபோது அந்த மூக்கு ஜலதோஷத்தில் அடைத்துக்கொண்டது. இரண்டு மாதம் சும்மா கிடந்த மிஷின், திரும்பப் போடும்போதுதான் கசியும். ஐஸ் இல்லாமல் விசைப்படகும் கடலுக்குப் போகாது.

"மூக்கு வர்ற வரைக்கும் மிஷினைத் தொட மாட்டேன்" என்றார் அண்ணன்.

"மூணு நாள் பாப்பேன். அப்பால வேற ஆளு" என்றார் முதலாளி.

சளி பிடித்தால் அம்மோனியா கலந்த தண்ணீரில் துணியை நனைத்து ஒரு இழுப்பு இழுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் அதை ராயபுரத்துக்கு, அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். இழுத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, தொண்டை வெந்தது, மூக்கு மட்டும் திறக்கவே இல்லை. அவர் சம்சாரம் ஜானட் அக்கா பாய்ந்து வந்தார்.

"அசோகா, மனுசன் மூக்கா, பைப்பாடா அது? தூக்கினு ஓடு அந்த கலீஜை! போய் நண்டு வாங்கினு வா!"

எண்ணூர் கழிமுகத்து நண்டை தினமும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அக்கா ஓட்டோடு இடித்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைத்தார். காலையில் வெதுவெதுப்பாகக் கஞ்சி, சாயங்காலம் சுக்கு காபி. அண்ணன் ஜில்லென்று சோடா கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"சூடு தெரியுது, ருசி தெரியல" என்று இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் நின்றுவிட்டார்.

"இன்னாம்மே, பூண்டு கருகிப்போச்சா?"

"மூணு நாளா கருகினுதான் கீது. இன்னிக்குத்தான் தெரியுதா?" என்ற அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை கம்பெனியில் அண்ணன் கேஸை லேசாகத் திறந்துவிட்டு, கண்ணை மூடி பைப் ஓரமாக நடந்தார். மூன்றாவது வால்வு அருகே நின்றார். "இங்க."

நான் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. கந்தகத் திரியைக் கொளுத்தி நீட்டினேன். கேஸ் இருந்தால்தான் அதில் வெள்ளைப் புகை வரும். நூல் மாதிரி எழும்பியது. முதலாளியே ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

வால்வில் கசிவை அடைக்கும் பேக்கிங்கை மாற்றினோம். அண்ணன் இன்னொரு தரம் முழுசாக நடந்து வந்தார்.

"இப்ப போடுறா" என்றார். போட்டேன்.